பதாகையில் சிரிக்கிறவரும் பக்கத்து வளவு அக்காவும்

உயர்தரப் பெறுபேறு வந்து மூன்றாம் நாள் சந்திக்குச் சந்தி பதாகை ஏறும். வைத்தியபீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம், பின்னால் நீல வானம், மேலே 'எமது மண்ணின் மைந்தன்', கீழே வாழ்த்துவோரின் பெயர்கள், பிள்ளையின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில். கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடி என்றாலும் அக்கரைப்பற்று என்றாலும் இந்தக் கோலம் மாறாது. வெயிலில் வெளிறி, மாரி மழையில் ஓரம் கிழிந்து, யாரோ ஒருவரின் விறகுக்கு மூடுசீலையாகப் போகும் வரை அது அங்கேயே தொங்கும்.

அதற்குக் கீழால் தினமும் சைக்கிளில் போகிற தரம் 10 பிள்ளை அதில் வாசிப்பது ஒன்றைத்தான்: அவர் வேற ஆள். எந்தப் பாடசாலையில் படித்தார், கணிதத்தில் எங்கே தடக்கினார், எத்தனையாம் தடவையில் சரிவந்தது, ரியூசனுக்கு யார் காசு கட்டினார்கள் என்று ஒரு வரியும் அதில் இருக்காது. முன்மாதிரி என்று தொங்கவிட்டவரின் முடிவு மட்டும் தெரியும், வழி தெரியாது. வழி தெரியாத உயரத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு வருவது ஊக்கம் இல்லை, கழுத்து வலி.

இது வெறும் மனக்குறை இல்லை, சோதித்துப் பார்த்த விசயம். 1997இல் கனடாவில் பெனலோப்பி லொக்வுட், சீவா குண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் கணக்கியல் மாணவருக்கு, அதே துறையில் கொடிகட்டிப் பறந்த ஒரு மூத்த மாணவரைப் பற்றி வாசிக்கக் கொடுத்தார்கள். முதலாம் வருட மாணவர் அதை வாசித்துவிட்டுத் தங்களைப் பற்றி மேலாக மதிப்பிட்டார்கள். இறுதி வருட மாணவரில் அந்த ஏற்றம் இல்லை. முன்னவருக்கு இன்னும் காலம் இருக்கிறது, தாங்களும் அப்படி வரலாம். பின்னவருக்குக் காலம் முடிந்துவிட்டது. ஒரே ஆள், ஒரே கதை, கேட்கிறவர் நிற்கும் இடம்தான் வேறு. ஆகவே 'நல்ல முன்மாதிரி யார்?' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. யாருக்கு, எந்த வகுப்பில், எந்தத் தவணையில் என்று கேட்க வேண்டும்.

மடகஸ்காரில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் கிட்டச் சொல்கிறது. பாடசாலைகளுக்கு ஆட்களை அனுப்பித் தங்கள் கதையைச் சொல்லவைத்தார்கள். ஏழ்மையிலிருந்து வந்தவர் பேசிய இடங்களில் பிள்ளைகளின் புள்ளி ஏறியது. வசதியான குடும்பத்தில் பிறந்து உயர்ந்தவர் பேசிய இடங்களில் அப்படி ஏறவில்லை. பிரதம அதிதியைத் தேடிக் கொழும்புக்குக் கடிதம் எழுதும் பழைய மாணவர் சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் பிள்ளைகளோடு பேச யாரைக் கூப்பிடுவது? கணக்கு லேசானது. கேட்கிற பிள்ளையைவிட 3 முதல் 7 வயது மூத்தவர். அதே ஊர், இல்லாவிட்டால் பக்கத்து ஊர். முதலாம் இடம் எடுத்தவர் வேண்டாம். தடக்கி எழும்பியவர் வேண்டும். தரம் 9, 10 பிள்ளைக்கு உயர்தரம் படிக்கிற அக்காவே போதும். உயர்தரப் பிள்ளைக்கு வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இரண்டாம் வருடம் படிக்கிறவர். பெற்றோருக்கு இன்னொரு பெற்றோர்தான் சரி. மகளைத் தூரத்துக் கம்பஸுக்கு விட்ட ஒரு தாய் வந்து, ஹொஸ்டலில் சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு முடிகிறது, முதல் கிழமை தான் எத்தனை முறை அழுதேன் என்று சொன்னால், அதிகாரி ஒருவர் பெண் கல்வி பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

ஊர் என்று சொல்லும்போது மாவட்ட எல்லையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இங்கே பல்கலைக்கழக அனுமதி பிரிவது 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் தரப்படுத்திய புள்ளி), மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிற இரண்டு பொடியன்களுக்கு ஒரே பீடத்துக்கு இரண்டு இசட் புள்ளி. பேச வருகிறவர் 'எனக்கு இவ்வளவு காணும்' என்று தன் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனால், கேட்ட பிள்ளை பிழையான இலக்கை வைத்து இரண்டு வருடம் படிக்கும். எந்த மாவட்டம், எந்த வருடம், எத்தனையாம் தடவை, இந்த மூன்றையும் சொல்லாமல் புள்ளியைச் சொல்லவே கூடாது.

இதற்குள் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதியதை வைத்து விளங்கிக்கொள்ளலாம். 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் வார்த்தை, அந்த நேரத்து உடல்நிலையும் மனநிலையும். இவற்றில் பலமானது முதலாவது. முன்மாதிரி இரண்டாவதில் வருகிறார். மேடைப் பேச்சு மூன்றாவதில் நின்றுவிடுகிறது. ஆகவே பார்த்ததைப் பிள்ளை உடனே சிறிதாகச் செய்து பார்க்க வைத்து முதலாவது ஊற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால், கூட்டம் முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிடும்.

'தன்னைப் போன்ற' என்பதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே பிழைவிடாமல் செய்து காட்டுகிறவரைவிட, முதலில் தடுமாறி, பிழையைத் தானே வாய்விட்டுச் சொல்லி, திருத்திச் செய்கிறவரைப் பார்த்தே பின்தங்கிய பிள்ளைகள் அதிகம் பிடித்துக்கொள்கிறார்கள். நியூயோர்க்கின் வறிய பகுதிப் பாடசாலைகளில் 402 மாணவரை வைத்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி போன்றோரின் தோல்விகளையும் திண்டாட்டங்களையும் வாசித்த பிள்ளைகளின் விஞ்ஞானப் புள்ளி கூடியது. சாதனைகளை மட்டும் வாசித்தவர்களுக்குக் கூடவில்லை, குறைந்தது.

இதை நம் ஊர்ப் பெரியவருக்கும் செய்யலாம். யூலை 19 வந்தால் விபுலானந்த அடிகளின் சிலைக்கு மாலை விழும். பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் முத்தமிழ் வித்தகர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பொடியன் அந்தப் பட்டங்களுக்குள் எங்கேயோ தொலைந்து போவான். அவனைத் தேடி எடுங்கள். கரும்பலகையில் வருடங்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: 1908 கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை. 1912 ஆசிரிய பயிற்சி முடிவு. 1915 விஞ்ஞான டிப்ளோமா. 1916 மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920 லண்டன் விஞ்ஞானப் பட்டம். சீனியருக்கும் பட்டத்துக்கும் இடையில் 12 வருடம். நடுவில் படிப்பிக்கும் வேலை. விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பழந்தமிழ் இசையை ஆராயும் அவரது யாழ் நூலுக்கு ஒரு பத்தாண்டுக்கும் மேலான உழைப்பு. அது அரங்கேறியது 1947 யூனில், அவர் மறைந்தது அடுத்த மாதம்.

இரண்டாம் தடவை உயர்தரம் எடுக்கிற, வீட்டில் 'இன்னும் எத்தனை வருசம்?' என்று கேட்டுக் களைத்துப்போன பிள்ளைக்கு அந்த 12 என்ற எண் போதும். சிலை அதைச் சொல்லாது, கரும்பலகை சொல்லும்.

இனி ஒரு சந்திப்பை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். மண்டபம் வேண்டாம், வகுப்பறை போதும். 25 பிள்ளைகள், கூடினால் 30. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். மைக் எடுக்க வேண்டாம். மைக் வந்தால் குரல் மாறும், குரல் மாறினால் ஆளும் மாறிவிடுவார். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை நான்கும் சேர்ந்தாலே முக்கால் மணித்தியாலம் போய்விடும். வருகிறவருக்கு மாலை போட்ட அந்த நிமிடமே அவர் பக்கத்து வளவு அக்கா இல்லை, பிரதம அதிதி. பிறகு அவரிடம் யார் 'நீங்க எத்தனை பாடம் பெயில்?' என்று கேட்கப்போகிறார்கள்?

இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம் கேட்டு வாங்குங்கள். அதில் அவர் பேசுவது 20 நிமிடம். கேள்வி பதிலுக்கு 40. கடைசி 20 எழுதுவதற்கு. வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர்: 70 நிமிடப் பேச்சு, 'கேள்வி இருந்தால் கேளுங்கள்' என்று ஒரு வரி, பின்வரிசையில் மௌனம், மணி.

பேச வருகிறவரை முதல்நாளே தயார்ப்படுத்த வேண்டும். போனில் அரை மணித்தியாலம் காணும். "கஷ்டப்பட்டுப் படிச்சேன்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எந்த மேசையில், யாருடைய புத்தகம், முதல் தவணைக் கணிதப் புள்ளி என்ன, அது எப்போது 40ஐத் தாண்டியது, கடந்தகால வினாத்தாள் எத்தனை செய்தீர்கள், விடை பார்த்துச் செய்தீர்களா பாராமலா? "அம்மா அப்பாவின் ஆசீர்வாதம்" என்றால் சந்தோசம், ஆனால் அம்மா சரியாக என்ன செய்தார்? காலையில் கடைக்குப் போகிற வேலையைத் தம்பிக்கு மாற்றிவிட்டாரா? அதைச் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை வீட்டில் போய்க் கேட்டு வாங்கக்கூடிய உதவி அதுதான்.

வரும்போது கையில் பொருள் கொண்டு வரச் சொல்லுங்கள். இதை நான் எதைவிடவும் அழுத்திச் சொல்வேன். சான்றிதழ் வேண்டாம், ரஃப் கொப்பி வேண்டும். மட்டை கழன்று, ஒரு கணக்கை நாலு தரம் வெட்டி வெட்டிச் செய்து, ஓரத்தில் சிவப்புப் பேனையால் 'திரும்ப' என்று எழுதிய கொப்பி. 31 புள்ளி போட்ட பழைய தவணை அறிக்கை. விண்ணப்பப் படிவத்தின் நகல். சில்லறைச் செலவு எழுதிய துண்டு. இவற்றை வட்டத்தில் கைமாற விடுங்கள். வெட்டிய கணக்கில் பிள்ளையின் விரல் நின்று போகும். 'இவவும் இந்தப் பிழையைத்தான் விட்டிருக்கா' என்று அந்த விரல் கண்டுபிடிப்பதை எந்தப் பேச்சாலும் சொல்லிக் கொடுக்க முடியாது.

கேள்விகளைக் கையுயர்த்திக் கேட்க விடாதீர்கள். காற்பங்குத் தாள் ஒவ்வொருவருக்கும் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரு கேள்வி எழுதி, பிஸ்கட் டின்னுக்குள் போடச் சொல்லுங்கள். வெறுந்தாளும் போடலாம், ஆனால் எல்லோரும் போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று தெரியாது. அதிலிருந்து வெளியே வருபவை வேறு ரகம்: 'அக்கா, கம்பஸில ராகிங் இருக்கா?', 'வாப்பா விடமாட்டார், நீங்க எப்படிக் கேட்டீங்க?', 'இங்கிலீசு தெரியாட்டி லெக்சர் விளங்குமா?', 'பெயில் ஆன அண்டைக்கு வீட்டில என்ன சொன்னாங்க?' வருகிறவர் தயங்கலாம். உண்மையைச் சொல்லட்டும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லட்டும். அதுவும் பிள்ளைகள் அரிதாகப் பார்க்கிற ஒரு முன்மாதிரிதான்.

கடைசி 20 நிமிடம் எழுதுவதற்கு. 'நான் வைத்தியராவேன்' என்று எழுத விடக்கூடாது. அடுத்த 14 நாளுக்குள் செய்யக்கூடிய ஒன்று, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யாரோடு. 'சனி காலை 7 மணிக்குப் பெரியம்மா வீட்டு விறாந்தையில் 2 கடந்தகால வினாத்தாளின் முதற்பகுதி, மச்சாளோடு' என்றால் அது எழுதியது. 14ஆம் நாள் வகுப்பாசிரியர் தாளை எடுத்து ஒவ்வொருவரிடமும் செய்தாயா என்று மட்டும் கேட்கட்டும், ஏச வேண்டாம். செய்யாதவர் நாளை மாற்றி எழுதலாம். அடுத்த தவணை அதே ஆள் திரும்ப வர வேண்டும். புதிய ஆளைத் தேடுவதைவிட அதே ஆள் திரும்ப வருவது நல்லது. 'உங்கட கணக்கு என்னாச்சு?' என்று அவர் ஒருவரைப் பார்த்துக் கேட்டாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

காலமும் பார்க்க வேண்டும். தொகுதிப் பாடம் தெரிவுசெய்கிற தரம் 9 கடைசியும், சாதாரணதரம் எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற மாதங்களும்தான் பொன்னான நேரம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கூப்பிட்டால், கனடாவின் அந்த இறுதி வருட மாணவர் நிலைதான்.

வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு கதவை மட்டும் காட்டுவது ஊருக்குப் பெரிய நட்டம். மூன்று பேரைக் கூப்பிடுவதாக இருந்தால் ஒருவர் கம்பஸ், ஒருவர் தொழில், ஒருவர் விழுந்து எழும்பியவர். தொழிலில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) என்ற ஏணி 7 மட்டம் வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். படிக்காமலே கையில் தொழில் உள்ளவர் தன் வேலை அனுபவத்தை மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. பத்து வருடம் மேசன் வேலை செய்துவிட்டு அந்தத் தாளை எடுத்தவர் வகுப்பில் வந்து, எந்தக் கேள்வி கேட்டார்கள், எந்தச் சுவரைக் கட்டச் சொன்னார்கள் என்று சொல்லட்டும். பின்வரிசை முன்வரிசையாகும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாக வேண்டும். மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் செய்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கிராமத் தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, இரண்டு தவணை பெண் தலைவர் இருந்த இடங்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்த எதிர்பார்ப்பின் இடைவெளி 25 வீதம் சுருங்கியது. பிள்ளைகளின் சொந்த எதிர்பார்ப்பில் 32 வீதம். யாரும் வந்து பிரசங்கம் செய்யவில்லை, ஒரு பெண் அந்தக் கதிரையில் இருப்பதைத் தினமும் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியதும் அதே கதைதான். கடலோரத்தில் பிறந்தும் அலையைக் கரையிலிருந்து மட்டும் பார்த்த பெண்களில், ஊர்க்காரி ஒருத்தி பலகையோடு இறங்கிய பிறகுதான் மற்றவளும் இறங்கினாள்.

எங்கே பிழைக்கும் என்றும் சொல்ல வேண்டும். முதல் பிழை வீட்டில். நல்ல முன்மாதிரி ஒருவர் வந்து போன அன்றிரவே சோற்றுக் கோப்பைக்கு முன்னால், "அவன்ட காலைக் கழுவிக் குடி" என்று ஆரம்பித்தால் எல்லாம் கெட்டது. வழிகாட்ட வந்தவரை அடிக்கிற தடியாக மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைக்கு வயிறு எரியும். பெற்றோருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒப்பிட வேண்டாம், "அவர் சொன்னதில உனக்கு எது சரிவரும்?" என்று கேளுங்கள், அதோடு விடுங்கள்.

இரண்டாவது, 'அவனுக்குப் பிறவியிலேயே மூளை' என்ற பேச்சு. அறிமுகம் செய்கிற ஆசிரியரே இதைச் சொல்லிவிடுவார், பெருமையாக. சொன்னதும் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் தீர்ப்பு எழுதியாயிற்று. மூன்றாவது, ரியூசன் விளம்பரம். பேச வந்தவர் போகும்போது வகுப்பு அட்டவணை விநியோகித்தால் அது வேறு வியாபாரம். நான்காவது, வந்தவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போனவர்களாகவே இருப்பது. பிள்ளை படிக்கிற பாடம் 'உயர்வது என்றால் போவது' என்பதுதான். போனவர் வரட்டும், திரும்பி வந்தவரும் இங்கேயே நின்றவரும் சேர்ந்து வரட்டும். விபுலானந்த அடிகளும் திரும்பி வந்துதான் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் வகுப்பில் இருக்க வேண்டும். தனியாகச் சந்திப்பதும் பிள்ளையோடு நேரடியாக வட்ஸ்அப்பில் பேசுவதும் கூடாது. கேட்க வேண்டியது இருந்தால் வகுப்பாசிரியர் ஊடாக, அல்லது தாய் தகப்பன் போனில். நல்லவர்தானே, நம்ம ஊர்ப் பிள்ளைதானே என்று இந்த விதியைத் தளர்த்தக்கூடாது. நல்லவர்களைக் காப்பாற்றுவதும் இந்த விதிதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் முன்மாதிரியால் முடியாத ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. அது 1ஏபி வகைப் பாடசாலையில் மட்டும்தான். 1சி என்றால் கலையும் வர்த்தகமும், வகை 2 என்றால் சாதாரணதரத்தோடு நின்றுவிடும். அப்படியான இடத்தில் பொறியியல் மாணவரைக் கொண்டுவந்து ஆசை காட்டிவிட்டு, கிட்ட உள்ள 1ஏபி எது, விடுதி இருக்கிறதா, காலை பஸ் எத்தனை மணிக்கு, கணித ஆசிரியர் இருக்கிறாரா என்று சொல்லாமல் அனுப்பினால், அது பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிற வேலை. பிள்ளைக்கு ஆசையில் குறைவில்லை, பஸ்தான் இல்லை. வருகிறவர் இந்த நான்கு தகவலையும் எழுதி ஒரு தாளில் கொண்டு வரட்டும். அதிபர் சரிபார்த்து அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.

கடைசியாகச் செலவு. வருகிறவர் படிக்கிற பிள்ளை, சம்பளம் இல்லை. போக்குவரத்துக் காசைக் கவரில் போட்டுக் கேட்காமலே கொடுங்கள், பகல் சாப்பாடும் கொடுங்கள். மண்டூருக்கு வருகிறவர் என்றால் குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) எத்தனை மணிக்கு நிற்கும் என்று முதல்நாளே விசாரித்து வையுங்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள், நேரம் இழுபடும். யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளோடு தயாராக நிற்கட்டும்.